ஞாயிற்றுக்கிழமைக் காதுகள்

கைபேசியை ஸ்பீக்கருக்கு ஒரு சாண் தூரத்தில் நீட்டிப் பிடித்திருக்கிறார். பிடித்த கை ஆடிவிடக் கூடாது என்று முழங்கையை மறு கையால் தாங்கிக்கொண்டிருக்கிறார். கண்கள் மூடியிருக்கின்றன. கிட்டாரும் டிரம்ஸும் ஒரு பெண்குரலுமாகப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ரயிலில் போனால் ஒரு முழுப் பகல் பிடிக்கிற ஊரில் அவருடைய அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பாட்டு முடிந்ததும் கைபேசியைத் தன் காதுக்குக் கொண்டுவந்து, "எப்படிக்கா இருக்கு?" என்கிறார்.

"நல்லாத்தான்டா இருக்கு. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நல்லா இருக்குன்னு சொல்லாத. எங்க நல்லா இல்லன்னு சொல்லு."

"எல்லா எடமும் நல்லாத்தான் இருக்கு. என்ன சாப்பிட்ட?"

அக்காவின் ஒப்புதல் பெறாத எந்தப் பாட்டும் அந்த அறையை விட்டு வெளியே போனதில்லை. அக்கா ஒப்புதல் மறுத்ததாகவும் எனக்குத் தெரிந்து செய்தி இல்லை.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரைக் காதுக்காரர் என்றால்தான் தெரியும். அந்தப் பெயரை வைத்தது யார் என்று விசாரித்தேன். மருத்துவமனை ஊழியர்கள் தாங்கள் என்கிறார்கள், இசைக்குழுப் பிள்ளைகள் தாங்கள் என்கிறார்கள். இரு தரப்புக்கும் உரிமை உண்டு. வேலை நாட்களில் அவர் ஒரு காது மருத்துவமனையில் செவித்திறன் சோதிப்பவர். மற்ற நேரங்களில், இப்பகுதியில் புதிதாகக் கிளம்பும் இசைக்குழுக்கள் தங்கள் முதல் பாட்டைப் பதிவு செய்துகொண்டு வந்தால், தனித்தனியே கிடக்கும் குரலையும் வாத்தியங்களையும் ஏற்றி இறக்கி, ஒன்றோடொன்று பொருந்த வைத்து, பிறருக்குத் துணிந்து போட்டுக் காட்டத்தக்க ஒரே பாட்டாக ஆக்கித் தருபவர். அதற்கு மிக்ஸிங் என்று பெயர். உறவில் மாமா முறையுள்ள பெரியவர் ஒருவர் ஒரு திருமண வீட்டில், "மிக்ஸிங்னா எந்தக் கட்டடத்துல?" என்று கேட்டாராம். "மூணாவது மாடியிலங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். அவர் குடியிருப்பது மூன்றாவது மாடி. பெரியவர் திருப்தியோடு தலையசைத்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்.

மருத்துவமனையில் அவருடைய இடம் மாடிப்படிக்குக் கீழே உள்ள ஒரு சிற்றறை. அதற்குள் இன்னோர் அறை. கனத்த கதவும் கைக்குட்டை அளவுக் கண்ணாடியும் கொண்டது. அதற்குக் கூண்டு என்று பெயர். வந்தவரை உள்ளே உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துக் கதவைச் சாத்துவார். பிறகு வெளியிலிருந்து மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவார். கேட்டால் உள்ளிருப்பவர் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் அவருடைய மேசைக் கருவியில் கடுகளவு விளக்கு ஒன்று எரியும். கதவைச் சாத்துவதற்கு முன், வந்தவர் நீதிபதியானாலும் சுமை தூக்குபவரானாலும், சொல்லும் வாசகம் ஒன்றுதான்.

"கேட்டா அமுக்குங்க. கேக்கலன்னா சும்மா இருங்க. குத்துமதிப்பா அமுக்காதீங்க."

கடைசி வாக்கியத்துக்கு மட்டும் ஆள்காட்டி விரல் சற்று உயரும்.

மனிதர்களை அவர் கட்டைவிரலை வைத்துத்தான் எடைபோடுகிறார். ஒலி வருவதற்கு முன்பே துடிக்கும் விரல்கள் உண்டு. தேர்வில் தோற்றுவிடுவோமோ என்று பயப்படுபவர்களுடையவை. அமுக்கலாமா வேண்டாமா என்று பொத்தானைத் தடவிக்கொண்டே இருக்கும் விரல்கள் உண்டு. அவர்கள் வீட்டிலும் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லமாட்டார்கள் என்பது அவர் துணிபு. கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று ஒரு பெண்மணி தம் கணவரை அழைத்துவந்தார். கூண்டுக்குள் அந்த மனிதரின் விரல் ஓர் ஒலியைக்கூடத் தவறவிடவில்லை. "அவருக்கு நல்லாவே கேக்குதும்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். "அதுக்கு மேல நான் வாயத் தெறக்கல. வீட்டுக்குப் போய் என்ன நடந்துச்சோ."

கேட்காத ஒலிக்கு அமுக்குபவர்கள்மேல் அவருக்குக் கோபம் வருவதில்லை. "அது பொய் இல்ல. கேக்கணும்னு ஆசை. ஆசை முந்திக்கிட்டு அமுக்கிடுது" என்பார்.

இப்பகுதிக் குழுக்களின் பதிவுகளைத் திரட்டித் தேதிவாரியாகத் தொகுக்கும் வேலையாகப் போனதில் எனக்கு அவர் பழக்கம். வீட்டில் இரண்டு அறைகள். சிறியதில் அவர் தூங்குகிறார். பெரியதில் ஒலி இருக்கிறது. சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை நிமிர்த்திக் கட்டியிருக்கிறார். துணி அலமாரிக்குக் கதவே கிடையாது. தொங்கும் துணிகள் எதிரொலியை உறிஞ்சுமாம். அவற்றின் நடுவில், பிளாஸ்டிக் உறை போட்டபடி, கறுப்புக் கோட்டு ஒன்று தொங்குகிறது. "என் கல்யாணக் கோட்டு. கனமான துணி. நல்லா உறிஞ்சும்" என்றார். அந்தக் கல்யாணத்தைப் பற்றி நான் கேட்டறிந்த தகவல் அவ்வளவுதான்.

மேசைக்கு எதிரே நான்கு நாற்காலிகள். ஒன்று பிரம்பு, ஒன்று இரும்பு, ஒன்று பள்ளிக்கூடத்திலிருந்து கழித்துவிட்டது, ஒன்றுக்கு ஒரு கை இல்லை. தனியாக வாழ்கிற ஒருவர் வீட்டில் நான்கு நாற்காலிகளும் எட்டுக் கோப்பைகளும் எதற்கு என்றால், அவருடைய நிபந்தனைக்கு. மிக்ஸிங் செய்து தருவதற்கு அவர் கூலி கேட்பதில்லை. குழுவில் இருக்கும் அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் நேரில் வந்து, உட்கார்ந்து, கேட்டுவிட்டுக் குறை சொல்ல வேண்டும். "ஒரு பாட்டையே நூறு தடவ கேட்டா அதுல என்ன இருக்குன்னு காதுக்கு மனப்பாடம் ஆயிடும். அப்புறம் காது கேக்காது, ஒப்பிக்கும். எனக்கு வேற காது வேணும்." ஒரு காது ஒரு பாட்டுக்கு ஒரு முறைதான் புதிது என்பதால், புதுக் காது வைத்திருக்கும் சித்தி மகன், அடுத்த வீட்டுக்காரர், யாராக இருந்தாலும் கூட்டிவரச் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நாற்காலிகளைத் துடைத்துவைத்து, தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, மறுபடியும் கொதிக்கவைக்கிறார். படிக்கட்டில் காலடி கேட்டால் எத்தனை பேர் என்று சொல்லிவிடுவார். திங்கள் முதல் சனி வரை அவர் வாயிலிருந்து வருவது கூண்டுக் கதவருகே சொல்லும் அந்த மூன்று வாக்கியங்களும், அக்காவிடம் சாப்பிட்டேன் என்பதும்தான். மீதிப் பேச்சு முழுவதும் ஞாயிற்றுக்கிழமைக்கு.

இப்போது வந்துபோகும் குழுவில் நால்வர். பாடுகிற பெண் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். யாருடைய கையெழுத்தையும் படித்துவிடுவாள், எதையும் மென்மையாகச் சொல்லுவாள். டிரம்ஸ் அடிப்பவன் வெல்டிங் பட்டறையில் இருக்கிறான், பெயர் இடி. கிட்டார்கள் இரண்டையும் வாசிப்பவர்கள் அண்ணன் தம்பி. அண்ணன் பேச வேண்டியதைத் தம்பி பேசுவான். தம்பி பேச வேண்டியதை யாரும் பேசுவதில்லை. வெளியூர் அரங்கம் ஒன்று புதுக் குழுக்களிடம் டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, கேட்டிருந்தது. தேர்வாகிவிட்டால் முதன்முறையாக ஒரு பெரிய மேடை. மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். ஒரே பாட்டு, அதன் பல்லவி 'சொல்லாத சேதி ஒன்று சுவரோடு சேர்ந்திருக்கு' என்று தொடங்குகிறது. அந்தப் பெண்ணே எழுதியது.

முதல் ஞாயிறு, கேட்டு முடித்ததும் வழக்கம்போல் எல்லோரும் கோப்பையைக் கையில் எடுத்தார்கள். நல்லா இருக்கு என்று சொல்லக் கூடாது என்பது விதி. வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் தேநீரை ஊதினார்கள். பிறகு அந்தப் பெண், "சார், 'ச' வர்ற எடமெல்லாம் லேசா ஊசி குத்துற மாதிரி இருக்கு. எனக்கு மட்டும்தானான்னு தெரியல" என்றாள். அவளுக்கு மட்டும் இல்லை என்று இடி உடனே தெளிவுபடுத்தினான். "என் சிம்பலும்தாண்ணே. தகரத்த ஆணியால கீறுற மாதிரி வருது. நான் அவ்ளோ கோவமா அடிக்கல."

அவர் எதில் கேட்டீர்கள், எவ்வளவு சத்தம் வைத்துக் கேட்டீர்கள் என்றெல்லாம் விசாரித்தார். இங்கேதான், இப்போதுதான் என்றார்கள். சரி, பார்க்கிறேன் என்றார்.

பார்த்தார் என்பதற்கு நான் சாட்சி. அந்த வாரம் இரண்டு மாலைகள் அவருடைய அறையில் பழைய பதிவுகளைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மிக்ஸிங் கருவியில் சிம்பலின், அதாவது டிரம்ஸோடு நிற்கும் பித்தளைத் தட்டின், குமிழைக் கீழே இறக்கினார், கேட்டார், முகம் சுளித்தார். "போர்வையப் போத்திக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கே" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு பழைய இடத்துக்கே ஏற்றினார். பிறகு அதற்கும் சற்று மேலே. குரலுக்கும் அப்படியே. பிறகு கைபேசியை நீட்டி, முழங்கையைத் தாங்கி, கண்ணை மூடினார். நல்லாத்தான்டா இருக்கு என்றார் அக்கா.

கைபேசி மேல்ஸ்தாயி ஒலிகளை முழுதாகக் கொண்டுசேர்க்காது. ஊசி குத்துகிற 'ச', தகரம் கீறுகிற சிம்பல், எல்லாம் வழியிலேயே மழுங்கிவிடும். அவருக்கு இது தெரியாது என்று யாரும் எண்ண வேண்டாம். நோயாளி ஒருவரின் வெளிநாட்டில் இருக்கும் மகன், அப்பாவுக்குப் போனில் நன்றாகக் கேட்கிறதே என்று வாதாடியபோது, "போன்ல வர்றத வச்சுக் காதை முடிவு பண்ணாதீங்க தம்பி. பாதிச் சத்தம் அதுல ஏறவே ஏறாது" என்று அவரே சொன்னதை அதே மருத்துவமனை ஊழியர்கள் கேட்டிருக்கிறார்கள். தெரிந்தவர்தான். ஆனாலும் முப்பது வயதிலிருந்து அக்காவுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டுகிறார். பழக்கத்தை மீறி அறிவு அங்கே நுழைய வழியில்லை.

இரண்டாம் ஞாயிறு நால்வரும் வந்தார்கள். இம்முறை யாரும் தயங்கவில்லை. போன தடவையைவிட அதிகமாகக் குத்துகிறது என்றார்கள். தம்பிகூட "ஆமா" என்றான். அவர் உங்கள் காது இளசு, கொஞ்சம் கூச்சம் இருக்கும் என்று சமாளித்தார். அப்போது இடி ஒரு செய்தியை வெளியிட்டான். "வீட்டுல போட்டேண்ணே. எங்க நாய் எப்பவும் டிரம்ஸ் பக்கத்துலதான் தூங்கும். நான் அடிச்சே அது எந்திரிச்சது இல்ல. இந்தப் பாட்டுல சிம்பல் வந்ததும் எந்திரிச்சு வெளிய போயிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். "நாய்க்கு நம்மள விட மேல கேக்கும்டா. நமக்குக் கேக்காததெல்லாம் அதுக்குக்…" என்று தொடங்கியவர் வாக்கியத்தை முடிக்காமல் கோப்பைகளைச் சேகரிக்கத் தொடங்கினார். தேநீர் இன்னும் குடித்து முடிக்கவில்லை என்று அண்ணன் சைகையால் தெரிவிக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் ஞாயிறு படிக்கட்டில் காலடி கேட்டதும், "ஒருத்தர்தான்" என்றார். அந்தப் பெண் மட்டும் வந்தாள். பிரம்பு நாற்காலியில் அவள் உட்கார, மற்ற மூன்றும் துடைத்தது துடைத்தபடி கிடந்தன. அவள் மருந்துச் சீட்டைப் படிக்கிற அதே மெதுவான குரலில், பையன்களுக்குத் தெரிந்த ஒரு ஸ்டூடியோ இருப்பதாகவும், நாள் நெருங்குவதாகவும், தனித்தனிப் பதிவுகளை வாங்கிவரச் சொன்னதாகவும் சொன்னாள். "தப்பா நெனச்சுக்காதீங்க சார்."

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை என்றார். அதற்குமுன் ஒரே ஒரு விஷயம் போட்டுக் காட்டுவதாகச் சொல்லி, பல வருடங்களுக்கு முன் வேறொரு குழுவுக்குச் செய்த டெமோவைத் தேடி எடுத்தார். அன்றிலிருந்து இன்று வரை அவர் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்பதைக் காட்டுவது அவர் நோக்கம். பழைய பாட்டு ஓடியது. அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். வந்ததிலிருந்து அன்றுதான் முதல் தடவையாகச் சாய்ந்தாள்.

"பாத்தியா, எவ்வளவு மந்தமா இருக்கு" என்றார்.

"இல்ல சார். இது ரொம்ப நல்லா இருக்கு. எங்களுதையும் இந்த மாதிரியே வச்சிருங்களேன்."

அவர் மறுபடியும் அதைப் போட்டார். ஸ்பீக்கருக்கு அருகே காதைக் கொண்டுபோனார். "இதுல சிம்பல் இருக்கா?"

"இருக்கே சார். மழத்தண்ணி தெறிக்கிற மாதிரி, பின்னாடி."

அவர் ஸ்பீக்கரின் வலையை விரலால் தொட்டுப் பார்த்தார், தூசு படிந்திருக்கிறதா என்பதுபோல். இல்லை. "ஒரு வாரம் குடும்மா" என்றார். "அடுத்த ஞாயிறு எல்லாரையும் கூட்டிட்டு வா. எல்லாத்தையும் எடுத்துக் கொடுத்துடறேன்." அவள் போனபின் நான்கு நாற்காலிகளையும் வரிசைப்படுத்தினார். அவை ஏற்கெனவே வரிசையில்தான் இருந்தன.

அடுத்து நடந்ததை எனக்குச் சொன்னவர், அவர் விடுப்பில் போகும் நாட்களில் கூண்டைப் பார்த்துக்கொள்ளும் மூத்த செவிலியம்மா. வேலையைக் காதுக்காரரிடமே கற்றவர். வாய் சற்று நீளம் என்று மருத்துவமனையில் பெயர். வார நடுவில் ஒரு பிற்பகல், கடைசி நோயாளி போனதும், எனக்கு ஒரு தடவை போட்டுப் பாருங்கள் மேடம் என்று இவர் கேட்டிருக்கிறார். "எத்தன வருஷமா நான் கெஞ்சிக்கிட்டு இருக்கேன், இன்னிக்கு என்ன மழை கொட்டப் போகுதா?" என்று கேட்டபடி அந்த அம்மாள் கதவைச் சாத்தியிருக்கிறார்.

விளக்கு அழகாக எரிந்தது. தாழ்ந்த ஒலி, நடுத்தர ஒலி, உயர்ந்த ஒலி, எதுவும் தப்பவில்லை. இருபது வயதுக் காது. அந்த அம்மாளுக்கு அதுதான் இடித்தது. விரல் சீராக, மூச்சு விடுவதுபோல் அமுக்கிக்கொண்டே போனது. எந்த ஒலிக்கு அடுத்து எந்த ஒலி, எவ்வளவு இடைவெளி என்பதை அந்த அம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தானே. "கேள்வித்தாள் போட்டவரே வந்து பரீட்சை எழுதினா நூத்துக்கு நூறு வராம என்ன வரும்?" என்றார் என்னிடம்.

அதனால் அந்த அம்மாள் கருவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எதையும் அனுப்பவில்லை. கண்ணாடி வழியே பார்த்தார். உள்ளே இவர் தலையைச் சற்றுச் சாய்த்து, முழுக் கவனத்துடன் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் அமுங்கியது, விளக்கு எரிந்தது. சற்று நேரம் கழித்து மறுபடியும் எரிந்தது. மறுபடியும்.

கதவைத் திறந்து, "சார், நான் ஒண்ணுமே அனுப்பல" என்றாராம்.

இவர் கையில் இருந்த பொத்தானைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கேட்டுச்சே மேடம்" என்றாராம்.

இரண்டாம் முறை, வரிசையைக் கலைத்துப் போடச் சொல்லி, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். இம்முறை உயர்ந்த ஒலிகளுக்கு விளக்கு எரியவில்லை. மேலே போகப் போக, எத்தனை வலுவாக அனுப்பினாலும் எரியவில்லை. எந்த ஒலி எவ்வளவு கேட்டது என்று கோடு போட்டு அம்மாள் நீட்டிய தாளை அவர் வாங்கிப் பார்க்கவில்லை. அந்தக் கோடு எப்படிச் சரியும் என்பதை ஆயிரம் பேருக்கு விரலால் வரைந்து காட்டியவர் அவர். ஹெட்போனைத் துடைத்து அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, "யாராச்சும் வந்தா இதத்தான் சொல்வேன், ஒண்ணும் பயப்படாதீங்க, வயசுக்கு இது சகஜம்னு" என்றாராம். "சொல்றப்ப சுலபமா இருந்துச்சு."

அன்று மாலை கைபேசியை ஸ்பீக்கருக்கு முன் நீட்டவில்லை. அக்காவேதான், என்னடா இன்னிக்குப் பாட்டு இல்லையா என்று கேட்டிருக்கிறார். காது விஷயத்தை இவர் ஒருவாறு சொல்லிவிட்டு, ஒரு தடவையாவது குறை சொல்லியிருக்கலாமே அக்கா என்றும் கேட்டிருக்கிறார். அதற்கு அக்கா சொன்னதை அவர் எனக்கு அப்படியே, அக்காவின் குரலை ஏற்றிக்கொண்டு, சொல்லிக் காட்டினார்.

"எனக்குப் பாட்டப் பத்தி என்னடா தெரியும்? நல்லா இல்லன்னு சொன்னா உடனே திருத்தப் போறேன்னு போன வச்சிருவ. நல்லா இருக்குன்னு சொன்னா ரெண்டு வார்த்த பேசுவ."

நான்காம் ஞாயிறு. தண்ணீர் இரண்டாம் முறை கொதித்துக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் கூட்டமாகக் காலடி கேட்டது. "நாலு பேர்" என்றார். கீழ்ச்சத்தங்களில் அவர் காது இன்னும் பிசகுவதில்லை. பதிவுகளை ஏற்றிக்கொண்டு போகத் தம்பி ஒரு பென் டிரைவை உள்ளங்கையில் மூடி வைத்திருந்தான். வழக்கமான நாற்காலியை நோக்கிப் போன பெண்ணைத் தடுத்து, மேசையை ஒட்டி இருக்கும் தம்முடைய சுழல் நாற்காலியில் உட்காரச் சொன்னார். பிரம்பு நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த அறை எப்படித் தெரியும் என்பதை அன்றைக்குத்தான் பார்க்கிறவர்போல் ஒரு சுற்று பார்த்தார். மெத்தைகள். கறுப்புக் கோட்டு. தன் மேசை.

"மேல இருக்குற சத்தம் எனக்குச் சரியா கேக்கல" என்றார், கூண்டுக் கதவருகே பேசும் அதே குரலில். "டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன். நீங்க சொன்னதெல்லாம் சரி. நான்தான் ஏத்தி ஏத்தி வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போறதுன்னா இப்பவே ஏத்திக்கலாம். இல்லன்னா எங்க கை வைக்கணும்னு நான் சொல்றேன், எவ்வளவுன்னு நீங்க சொல்லுங்க."

தம்பி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் பென் டிரைவைப் பார்த்தான். இடி தொண்டையைச் செருமி, "அப்போ எங்க நாய்கிட்ட நீங்க ஒரு வார்த்த சாரி சொல்லணும்ணே" என்றான். கொஞ்ச நேரம் யாருக்கும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவர்தான் முதலில் சிரித்தார். "கூட்டிட்டு வா. அதுக்கும் ஒரு நாற்காலி போடறேன்." தம்பி பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பதிவுகளை எடுத்துப் போவதாகவும் சொல்லவில்லை, விட்டுப் போவதாகவும் சொல்லவில்லை.

வேலை தொடங்கியது. வலமிருந்து மூன்றாவது குமிழ் சிம்பல். அதற்குப் பக்கத்தில் குரல். குரலின் மேல்பாகத்தை மட்டும் குறைக்க மேலே ஒரு சிறு திருகு. அந்தப் பெண் மருந்து அளக்கிறவள் என்பது கையில் தெரிந்தது. மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். நகர்த்தும்போதெல்லாம் இடியின் தோள் சற்று இறங்கியது, அண்ணன் தலையாட்டினான். பாட்டில் எதுவோ தணிந்து வருவது எனக்கும் கேட்டது. பல்லவியின் 'ச' ஒவ்வொன்றும் முனை மழுங்கி, வாய்க்குள் இருக்க வேண்டிய இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

அவருடைய வலக்கை பிரம்பு நாற்காலியின் கைமேல் இருந்தது. அவள் குமிழை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் அவருடைய கட்டைவிரல் பிரம்பை ஒரு முறை அமுக்கியது. அவள் கை அசைந்தது, விரல் அமுங்கியது. மறுபடியும் அசைந்தது, மறுபடியும் அமுங்கியது. அவர் தற்செயலாகக் குனிந்து தன் விரலைப் பார்த்தார். பிறகு மேசையை. பிறகு கண்களை மூடிக்கொண்டார்.

"சிம்பல இறக்குறேன் சார்" என்றாள் அவள், திரும்பாமல். "இன்னும் இறக்குறேன். இப்போ?"

பிரம்புக்கு மேலே நெல்மணி அளவு இடைவெளியில் கட்டைவிரல் தூக்கியபடி நின்றது. குமிழ் இறங்கிக்கொண்டே வந்தது. அவர் தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டார். விரல் அமுக்கவில்லை.